ஆளிவிதை முதல் இரும்பு மாத்திரை வரை: சாப்பிட்டது உடம்பில் ஒட்ட என்ன செய்ய வேண்டும்?

ஆளிவிதையை முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் முழுசாகவே வெளியேறிவிடும். மஞ்சள்தூளை வெறும் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் அதிலுள்ள குர்குமின் என்ற சத்தில் சொற்பம்தான் ரத்தத்தில் சேரும். இரும்பு மாத்திரையைக் காபியோடு போட்டால் பாதிப் பலன்கூடக் கிடைக்காமல் போகலாம். "மூன்று மாதமாகச் சாப்பிடுகிறேன், ஒரு மாற்றமும் இல்லை" என்பவர்களிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பதற்கு முன், எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்க வேண்டும். பொடிப்பது, ஊறவைப்பது, எதோடு சேர்ப்பது, எதிலிருந்து விலக்கி வைப்பது, லேபிளில் எந்த எண்ணைப் படிப்பது ஆகியவற்றைப் பற்றித்தான் இந்தக் குறிப்புகள்.

விதைகளும் உமியும்

ஆளிவிதையின் ஓடு வழவழப்பானது, கெட்டியானது. பல்லுக்குத் தப்பினால் குடலுக்கும் தப்பிவிடும். அதனால் பொடிக்காமல் பயன் இல்லை. பொடித்து விற்பதை வாங்குவதைவிட முழு விதையாக வாங்கி, ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் வீட்டில் அரைப்பது நல்லது. ஓடு இருக்கும்வரை உள்ளே எண்ணெய் பத்திரமாக இருக்கும். ஓடு உடைந்ததுமே காற்று பட்டுக் கெடத் தொடங்கிவிடும்.

ஈரமில்லாத மிக்ஸி ஜாரில் விதையைப் போட்டு, நான்கைந்து விநாடி ஓடவிட்டு நிறுத்தி, மறுபடி ஓடவிடுங்கள். தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடாகி, எண்ணெய் கசிந்து, பொடி அடியில் அப்பிக்கொள்ளும். கொரகொரப்பாக இருந்தால் போதும், மாவு பதம் தேவையில்லை. முதலில் லேசாக வறுத்துக்கொண்டால் மணம் கூடும், அரைப்பதும் சுலபம். ஆனால் ஆறவைத்த பிறகே அரைக்க வேண்டும். பொடியைக் காற்றுப் புகாத, வெளிச்சம் படாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். பெயின்ட் வாடை அடித்தாலோ நாக்கில் கசந்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள். (ஆளிவிதை எண்ணெய் பெயின்ட்டிலும் வார்னிஷிலும் சேர்க்கப்படும் எண்ணெய்தான். காற்றோடு வினைபுரிந்து இறுகுவது அதன் சுபாவம். டப்பாவுக்குள் நடப்பதும் அதுவே.)

ஒரு டேபிள்ஸ்பூன் பொடி சுமார் 7 கிராம். அதில் ஏ.எல்.ஏ. எனப்படும் தாவர ஒமேகா-3 ஏறத்தாழ 1.6 கிராம் இருக்கும். ஒரு நாளுக்குப் பெண்களுக்கு 1.1 கிராமும் ஆண்களுக்கு 1.6 கிராமும் போதும் என்பதால் ஒரு டேபிள்ஸ்பூனிலேயே கணக்கு முடிந்துவிடுகிறது. முதல் வாரம் ஒரு டீஸ்பூனோடு தொடங்குங்கள். எடுத்த எடுப்பிலேயே இரண்டு டேபிள்ஸ்பூன் போட்டால் வயிறு உப்பி, மறுநாளே விட்டுவிடத் தோன்றும். இரண்டு டேபிள்ஸ்பூனுக்கு மேல் போக எந்தக் காரணமும் இல்லை.

ஆளிவிதை செய்யாத ஒரு வேலையும் உண்டு. மீனில் இருக்கும் இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 வகைகளாக ஏ.எல்.ஏ.வை மாற்றும் திறன் நம் உடம்புக்கு மிகக் குறைவு. எவ்வளவு ஆளிவிதை தின்றாலும் அந்தக் குறை முழுதாகத் தீராது. மீன் சாப்பிடாதவர்கள் அதற்காகத் தேடினால் பாசியிலிருந்து எடுக்கும் எண்ணெய் மாத்திரைதான் சரி. மீன்களுக்கே அது பாசியிலிருந்துதான் வந்து சேர்கிறது.

சியா விதைக்கு அரைக்கும் அவசியம் அவ்வளவாக இல்லை. ஆனால் உலர்ந்த விதையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பது ஆபத்து. தன் எடையைப் போல் சுமார் பத்து மடங்கு நீரை உறிஞ்சும் விதை அது. உணவுக்குழாயில் ஊதி அடைத்துக்கொண்டு மருத்துவமனை வரை போனவர்கள் உண்டு. ஒரு டேபிள்ஸ்பூனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு, ஐந்து நிமிடம் கழித்து ஒருமுறை நன்றாகக் கலக்கி, மேலும் 15 நிமிடம் விடுங்கள். அந்த இடைக் கலக்கல் இல்லாவிட்டால் அடியில் கட்டியாகிவிடும்.

இசப்கோல் உமியில் அதிகம் தவறுவது தண்ணீர் விஷயத்தில்தான். மலச்சிக்கலுக்கு என்று எடுத்து, தண்ணீரைக் குறைத்துக்கொண்டால் சிக்கல் கூடத்தான் செய்யும். 5 கிராம் உமிக்கு 240 மில்லி தண்ணீர். கலக்கிய உடனே, ஜெல்லாக இறுகுவதற்குள் குடித்துவிட வேண்டும். பின்னாலேயே இன்னொரு டம்ளர் வெறும் தண்ணீர். படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம். ஸ்பூன் அளவை நம்பாமல் ஒருமுறையாவது தராசில் நிறுத்துப் பாருங்கள்: உமியாக இருந்தால் ஒரு டேபிள்ஸ்பூன் ஏறத்தாழ 5 கிராம் வரும், நைசான பொடியாக இருந்தால் அதே ஸ்பூனில் எடை கணிசமாகக் கூடிவிடும். 3 கிராமில் தொடங்கி, நான்கைந்து நாளுக்கு ஒருமுறை கூட்டுங்கள். கெட்ட கொழுப்பைக் குறைக்கவும் இது உதவும். அதற்கு நாளொன்றுக்கு 7 கிராம் கரையும் நார்ச்சத்து தேவை. உமியாகச் சுமார் 10 கிராம், இரண்டு வேளையாகப் பிரித்து. வேறு மாத்திரைகள் சாப்பிடுபவர்கள் இரண்டு மணி நேர இடைவெளி விட வேண்டும். அந்த ஜெல் மாத்திரையையும் தன்னோடு கட்டி இழுத்துக்கொண்டு போய்விடும். விழுங்குவதில் சிரமம் இருப்பவர்களும், குடல் அடைப்பு வந்தவர்களும் இதைத் தொடவே கூடாது.

பருப்பு, பயறு, முழு தானியங்களில் ஃபைட்டேட் என்றொரு பொருள் இருக்கிறது. இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு, உடம்பு எடுக்கவிடாமல் செய்யும். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் ஓரளவு குறையும். முளைகட்டினால் இன்னும் குறையும். மாத்திரையைத் தேடுவதற்கு முன் செலவில்லாமல் செய்யக்கூடிய காரியம் இதுதான்.

மஞ்சள், பட்டை, பூண்டு

மஞ்சளின் எடையில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். ஒரு டீஸ்பூன் தூள் 3 கிராம் என்று வைத்துக்கொண்டால் குர்குமின் 90 மில்லிகிராம் அளவுக்கே வரும். அதுவும் தண்ணீரில் கரையாது, கரைவது கொழுப்பில். எண்ணெயிலோ நெய்யிலோ ஒரு நிமிடம் புரட்டி, ஒரு சிட்டிகை மிளகுத்தூள் சேர்த்தால் உறிஞ்சப்படுவது கூடும். மிளகிலுள்ள பைப்பரின், குர்குமினைக் கல்லீரல் சிதைத்து வெளியே தள்ளும் வேகத்தைக் குறைக்கிறது.

அதே காரணத்தால்தான் குர்குமின் மாத்திரைகளில் கவனம் தேவை. செறிவூட்டிய குர்குமினையும் பைப்பரினையும் சேர்த்து அடைத்த மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்பு வந்தது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. சமையலில் சேரும் மஞ்சளுக்கு இந்தப் பயம் தேவையில்லை. பித்தப்பைக் கல் உள்ளவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் குர்குமின் மாத்திரை பக்கம் போக வேண்டாம். மஞ்சளில், சிறுநீரகக் கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட்டும் அதிகம். ஏற்கெனவே சிறுநீரகக் கல் வந்தவர்கள் தினமும் டீஸ்பூன் கணக்கில் குடிப்பது நல்லதல்ல. இன்னொன்று: நிறம் தூக்கலாகத் தெரிய ஈய குரோமேட் கலந்த மஞ்சள்தூள் பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. ஈயத்தை வீட்டில் கண்டுபிடிக்க நம்பகமான வழி கிடையாது. ஈயப் பரிசோதனை செய்யும் நிறுவனத்தின் தூளை வாங்குங்கள், அல்லது மங்கலான நிறமுள்ள, சாயம் பூசாத முழுக் கிழங்கை வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள்.

பட்டையில் இரண்டு வகை இருப்பது பலருக்குத் தெரியாது. கேசியா பட்டை தடிமனாக, ஒரே மடிப்பாகச் சுருண்டிருக்கும். கையால் உடைக்க வலு வேண்டும். சிலோன் பட்டை காகிதம் போல் மெல்லிய பல அடுக்குகளாக இருக்கும், விரலால் நொறுக்கிவிடலாம். எப்போதாவது சமையலில் போடுவதற்கு எதுவானாலும் சரி. சர்க்கரைக்கு நல்லது என்று தினமும் பொடியாகச் சாப்பிடுவதென்றால் சிலோன் பட்டைதான். கேசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம், அது சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். 60 கிலோ எடையுள்ளவர் நாள்தோறும் எடுக்கும்போது கேசியா சுமார் 2 கிராமைத் தாண்டக்கூடாது. அது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. பொடியாக விற்பதில் எந்த வகை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

பூண்டின் காரத்துக்கும் பலனுக்கும் பேர்பெற்ற அல்லிசின் என்ற பொருள் அதில் முன்கூட்டியே இருப்பதில்லை. நசுக்கும்போது ஒரு நொதி வேலை செய்து அதை உண்டாக்குகிறது. சூடு பட்டால் அந்த நொதி செத்துவிடும். ஆகவே நசுக்கி 10 நிமிடம் அப்படியே விட்டு, பிறகு அடுப்பில் போடுங்கள். முழுப்பல்லாகக் கொதிக்கும் எண்ணெயில் போட்டால் கிடைப்பது வாசனை மட்டுமே. புரோக்கோலி, முட்டைக்கோஸ் வகையறாவிலும் இதே கதைதான்: நறுக்கி அரை மணி நேரத்துக்கு மேல் விட்டுவிட்டுச் சமைக்கலாம். நேரமில்லாவிட்டால் வெந்தபின் மேலே ஒரு சிட்டிகை கடுகுப்பொடி தூவுங்கள். அதே வேலையைச் செய்யும் நொதி கடுகிலும் இருக்கிறது.

லேபிளில் எந்த எண்ணைப் பார்ப்பது

டப்பாவின் முகப்பில் பெரிதாக அச்சிட்டிருப்பது விளம்பரம். பின்பக்கச் சிறு எழுத்தில்தான் விஷயம் இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது, அந்த அளவுகள் எத்தனை மாத்திரைக்கு என்பது. "ஒரு வேளைக்கு 2 மாத்திரை" என்று ஓரத்தில் போட்டிருந்தால், ஒன்று மட்டும் எடுப்பவருக்கு எல்லாம் பாதிதான்.

அடுத்தது, உப்பின் எடையா, தாதுவின் எடையா? ஃபெரஸ் சல்ஃபேட் 325 மில்லிகிராம் என்றால் அதில் இரும்பு 65 மில்லிகிராம் மட்டுமே. ஃபெரஸ் ஃப்யூமரேட்டில் மூன்றில் ஒரு பங்கு இரும்பு; குளுக்கோனேட்டில் 12 சதவீதம். கால்சியம் கார்பனேட்டில் 40 சதவீதம், சிட்ரேட்டில் 21 சதவீதம் கால்சியம். மீன் எண்ணெயில் ஏமாறுவது இன்னும் சுலபம்: "1000 மில்லிகிராம்" என்பது எண்ணெயின் எடை. சாதாரண மாத்திரையில் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120, ஆக மொத்தம் 300 மில்லிகிராம்தான் நமக்கு வேண்டிய சரக்கு. வைட்டமின் டி-க்கு இரண்டு அலகுகள் புழக்கத்தில் இருப்பதால் ஒரு கணக்கை நினைவில் வையுங்கள்: 1 மைக்ரோகிராம் என்பது 40 ஐ.யு. (சர்வதேச அலகு).

பத்துப் பதினைந்து மூலிகைப் பெயர்களை அடுக்கி, மொத்த எடையை மட்டும் போட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு என்று சொல்லாத கலவைகளை வாங்காதீர்கள். எதில் பலன், எதில் பக்கவிளைவு என்று உங்களாலும் சொல்ல முடியாது, மருத்துவராலும் முடியாது. யு.எஸ்.பி., என்.எஸ்.எஃப். போன்ற அமைப்புகளின் முத்திரை இருந்தால், லேபிளில் சொன்னது உள்ளே இருக்கிறது என்று மூன்றாமவர் சோதித்திருக்கிறார் என்று பொருள். "இயற்கையானது" என்ற சொல்லை அச்சிட எந்தச் சோதனையும் தேவையில்லை.

எதை எப்போது, எதோடு

இரும்பில் தொடங்குவோம், குழப்பம் அதிகம் அங்கேதான். ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பரிசோதித்துக் குறைவு என்று தெரிந்தபின்தான் இரும்பு மாத்திரை. சோர்வாக இருக்கிறது என்பது மட்டும் காரணமாகாது. தேவையில்லாத இரும்பை வெளியேற்ற உடம்பிடம் வழி இல்லை. வெறும் வயிற்றில் அல்லது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு எடுக்கலாம். காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை எல்லாம் முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் தள்ளி. குமட்டினால் சிறிது உணவோடு எடுங்கள்; கொஞ்சம் குறைவாகச் சேரும், ஆனால் நிறுத்திவிடுவதைவிட மேல். ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுப்பதும் நல்ல முறை: ஒரு மாத்திரை உள்ளே போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து, சுமார் ஒரு நாளுக்கு அடுத்த இரும்பைக் குடலில் தடுத்து நிறுத்துகிறது. எந்த முறை என்று மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். மலம் கறுப்பது சகஜம். தார் போல ஒட்டிக்கொண்டு துர்நாற்றம் அடித்தால் அது வேறு, உடனே காட்ட வேண்டும். ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிடுகிறவர்கள்தான் ஆறு மாதத்தில் திரும்ப வருகிறார்கள். சேமிப்பு நிரம்ப மேலும் மூன்று மாதம் தேவைப்படும்.

கால்சியத்தை ஒரே நேரத்தில் 500 மில்லிகிராமுக்கு மேல் எடுப்பது வீண். அதற்கு மேல் போகப் போக உறிஞ்சும் விகிதம் குறையும். கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு, அமிலம் இல்லாமல் அது கரையாது. சிட்ரேட்டை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு அதுவே ஏற்றது. பெரியவர்களின் தினசரித் தேவை 1000 மில்லிகிராம், 50 வயதைத் தாண்டிய பெண்களுக்கு 1200. உணவில் வருவதைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் மாத்திரையாக எடுங்கள். கழிக்கும்போது பசலைக்கீரையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்: அதன் கால்சியத்தை ஆக்சலேட் கட்டிப்போட்டிருக்கிறது, உடம்பில் சேர்வது 5 சதவீதம் அளவே. பாலில் ஏறத்தாழ 30 சதவீதம் சேரும்.

வைட்டமின் டி, கொழுப்புள்ள சாப்பாட்டோடு. 70 வயதுவரை நாளொன்றுக்கு 600 ஐ.யு., அதற்கு மேல் 800. மருத்துவர் சொல்லாமல் 4000-ஐத் தாண்ட வேண்டாம். வாரம் ஒருமுறை எடுக்கச் சொல்லிக் கொடுத்த உயர் அளவு மாத்திரையைத் தினமும் போட்டுக்கொள்வது அடிக்கடி நடக்கும் விபத்து. ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். மாத்திரை அட்டையிலேயே கிழமையை எழுதி வைத்துவிடுங்கள்.

பி12 விலங்கு உணவில் மட்டும்தான் இயல்பாகக் கிடைக்கிறது. ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் போலி பி12, உடம்புக்கு உதவாது. தேவை நாளுக்கு வெறும் 2.4 மைக்ரோகிராம். பிறகு ஏன் மாத்திரையில் 1000? குடலில் அதற்கென்று உள்ள வழியில் ஒரு வேளைக்கு 2 மைக்ரோகிராம் அளவுதான் நுழைய முடியும். அதற்கு மேல் உள்ளதில் சுமார் 1 சதவீதம் தானாகக் கசிந்து சேரும். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களும், அமிலம் குறைக்கும் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களும் பி12 அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. ஃபோலிக் அமிலத்தை மட்டும் அதிகமாக எடுத்தால் ரத்தசோகை சரியானதுபோல் தெரியும், நரம்புச் சேதமோ உள்ளே தொடரும்.

மக்னீசியம் ஆக்சைடு உடம்பில் சேர்வது குறைவு, பேதி செய்வது அதிகம். சிட்ரேட் பரவாயில்லை, கிளைசினேட் வயிற்றுக்கு இதம். மாத்திரையாக 350 மில்லிகிராமுக்குள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு வேண்டாம். துத்தநாகத்தை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். மாதக்கணக்கில் 40 மில்லிகிராமுக்கு மேல் போனால் செம்புச்சத்து குறையும்.

நடைமுறையில் ஒரு நாள் இப்படி அமையும்: எழுந்ததும் இரும்பு, ஒரு மணி நேரம் கழித்துக் காலை உணவு, காபி, மதியச் சாப்பாட்டோடு வைட்டமின் டி, மீன் எண்ணெய் அல்லது பாசி எண்ணெய், பி12, இரவுச் சாப்பாட்டோடு கால்சியம். இசப்கோலை மாலை 4 மணி போல எதிலும் ஒட்டாமல் வைத்துக்கொள்ளலாம். தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த வரிசை ஒத்துவராது. எழுந்ததும் தைராய்டு மாத்திரைதான். இரும்பும் கால்சியமும் அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி.

தொடங்கும்போதும் நிறுத்தும்போதும்

ஒரே நாளில் நான்கைத் தொடங்காதீர்கள். ஒன்றைத் தொடங்கி இரண்டு வாரம் பாருங்கள், பிறகு அடுத்தது. அரிப்போ வயிற்றுக் கோளாறோ வந்தால் எதனால் என்று அப்போதுதான் தெரியும். ரத்தத்தில் மாற்றம் முழுதாகத் தெரியப் பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். எப்போது மறுபரிசோதனை செய்வது என்று மருத்துவரிடம் கேளுங்கள். மல்டிவைட்டமின், தலைமுடி மாத்திரை, நரம்பு மாத்திரை என்று மூன்று டப்பா இருந்தால் பி6 மூன்றிலும் இருக்கக்கூடும், கூட்டிப் பாருங்கள். நரம்புக்கு நல்லது என்று எடுக்கும் பி6 நீண்ட நாள் அளவுமீறினால் அதே நரம்பைக் கெடுத்துக் கைகால் மரத்துப்போகச் செய்யும்.

கர்ப்பிணிகள் ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ-யை மாத்திரையாக எடுக்கக்கூடாது. காட் மீன் ஈரல் எண்ணெயிலும் அதுதான் இருக்கிறது. அஸ்வகந்தாவும் அவர்களுக்கு வேண்டாம். கிரீன் டீ சாற்று மாத்திரை, அஸ்வகந்தா இரண்டிலும் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருப்பதால், கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுப்பது, காரணமில்லாத அரிப்பு தெரிந்தால் யார் எடுத்தாலும் அன்றே நிறுத்த வேண்டும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிமதுரத்தைத் தினசரிப் பழக்கமாக்கக்கூடாது; அது அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் வெந்தயத்தை டேபிள்ஸ்பூன் கணக்கில் தொடங்கினால் சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கலாம். முதல் சில நாட்கள் அடிக்கடி சோதித்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் (கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும்) கீரையை நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் வாரத்துக்கு வாரம் அளவு மாறக்கூடாது. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுகூட வேண்டாம். இரும்பு மாத்திரை குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில்தான் இருக்க வேண்டும். மிட்டாய் போல் தெரியும் அந்தச் சில மாத்திரைகளே உயிரைப் பறிக்கப் போதும்.

முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் எடுப்பவர்கள், தைராய்டு அல்லது மாரடைப்புக்கான ரத்தப் பரிசோதனை என்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முடிவுகளே பொய்யாக வரும். திட்டமிட்ட பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பு நிறுத்தச் சொல்வது வழக்கம். அறுவை சிகிச்சை என்றால் மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை, குர்குமின் மூன்றையும் இரண்டு வாரம் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். பெயர் ஞாபகமில்லை என்றால் டப்பாக்களை ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுபோய் மேஜையில் வைத்துவிடலாம்.